மலைப் பிடித்தம்

முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும்,
இரண்டாவதுதான் உண்மை பேசும்
என்று பயிற்சியில் சொன்னார்கள்.
யோசெலினின் நடுவிரலில்
இரண்டாவது வரத் தயங்கியது.
அவள் அழவில்லை.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
மூன்று வயதுப் பிள்ளை ஊசிக்கு அழ வேண்டும்,
என் கண்ணாடியையாவது பிடுங்கி எறிய வேண்டும்.

கருவி காட்டியது
பதின்மூன்று புள்ளி ஒன்பது.

"நல்ல எண்ணா?" என்றாள் ஃபோர்த்துனாட்டா.

கீழே கடலோரத்தில், என் ஊரில், நல்ல எண்.
இது பூக்காபாம்பா. நாலாயிரம் மீட்டர்.
இங்கே காற்று கைச்சுருக்கம்.
உடம்பு பயந்துபோய் அதிக இரத்தம் ஊறவைக்கும்.
(எனக்கும் ஊறியிருக்கிறது, மூன்று வருடமாய்.
முதல் வாரம் வாசற்படி ஏறவே மூச்சு வாங்கியது.)
அந்த அதிகம் பிள்ளையுடையதல்ல, அம்மா,
மலையுடையது.
மூன்றரையைக் கழித்துவிட்டு எழுத வேண்டும்.

பத்து புள்ளி நான்கு.
சோகை.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.
"என் புருஷனுக்கும் அப்படித்தான்.
ஈக்காவில், அஸ்பாரகஸ் பண்ணையில்,
அறைக்கு, பேருந்துக்கு, கையுறைக்கு
பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்."

பொட்டலங்கள் கொடுத்தேன்.
கஞ்சியில் தூவுங்கள், கலக்கிக் கொதிக்கவைக்காதீர்கள்,
சாப்பாட்டோடு மூலிகைத் தேநீர் வேண்டாம்,
முட்டையைச் சந்தையில் விற்று
நூடுல்ஸ் வாங்காதீர்கள்.
தலையாட்டினாள்.
முட்டை ஒன்று. நூடுல்ஸ் கட்டில் நாலு பேர் சாப்பிடலாம்.
இந்தக் கணக்கை அவள் எனக்குச் சொல்லவில்லை,
மரியாதை தெரிந்தவள்.

அடுத்த மாதம் சொல்லாமல் போனேன்.
முற்றத்தில் கோழிக்குஞ்சுகள்
இரும்பும் துத்தநாகமும் வைட்டமின் ஏயும்
கொத்திக்கொண்டிருந்தன.
நன்றாகத்தான் இருந்தன, கொண்டை சிவந்து.
"பிள்ளைக்கு வயிறு கட்டிப்போகுது,
துருப்பிடித்த ஆணி மாதிரி இருக்காம் வாயில்."
நானும் ஒன்றைப் பிரித்து நாக்கில் வைத்தேன்.
ஆணி.

யோசெலின் சுவரோடு நின்றிருந்தாள்.
தோழி காதில் ஏதோ சொல்கிறாள் போல
முகத்தை ஒட்டி, நக்கினாள்.
மண்சுவரில் அவள் உயரத்துக்கு ஒரு குழி,
ஈரம் காயாமல்.
பூக்கா என்றால் கெச்சுவாவில் சிவப்பு.
ஊர் முழுக்க இரும்புதான்,
சுவர், பாதை, செம்மறியின் கால் ரோமம்.
உடம்புக்கு உதவாத இரும்பு.
உடம்பு அதை எப்படித் தெரிந்துகொள்ளும்?
பசித்தவன் கடையின் படத்தைப் பார்ப்பது மாதிரி
அவள் நாக்கு அங்கே போகிறது.

பிறகு தலைநகரிலிருந்து புதிய அட்டவணை வந்தது.
மலை இதுவரை அதிகமாகப் பிடித்துவிட்டதாம்.
இனி நாலாயிரம் மீட்டருக்கு
இரண்டு புள்ளி ஒன்பது போதும்.
பழைய பதிவேட்டைப் பிரித்துவைத்து
ராத்திரி மெழுகுவர்த்தியில் கழித்தேன்.
பதின்மூன்று புள்ளி ஒன்பது. இரண்டு புள்ளி ஒன்பது.
பதினொன்று, சரியாக.
கோட்டின் மேல் ஒரு கால் வைத்து நிற்கிறாள்.
ஒரு கரண்டி கூடச் சாப்பிடாமல்
என் ஊரில் பதினோரு பிள்ளைகள் குணமாகிவிட்டார்கள்.
மேலதிகாரி தொலைபேசியில் வாழ்த்தினார்.
சரியான அட்டவணையாகவே இருக்கலாம்,
படித்தவர்கள் போட்டது.
ஆனால் சுவரில் அந்தக் குழி
அரை விரல் ஆழம் கூடியிருந்தது.

"மலை திருப்பிக் கொடுத்துவிட்டதா?"
என்றாள் ஃபோர்த்துனாட்டா.
பிடித்த பணத்தைத் திருப்பித் தந்த
ஒரு முதலாளியையும் அவள் கண்டதில்லை,
குரலில் தெரிந்தது.
காகிதத்தில் கொடுத்திருக்கிறது, என்றேன்.

"அப்போ இது வேண்டாமா?"

அடுப்பில் கோழி இரத்தம்,
வெங்காயமும் புதினாவும் போட்டு,
கல்லீரல் நிறத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது.
பொட்டலம் தின்று வளர்ந்த சேவல்.
காலையில் அறுத்திருக்கிறாள்,
கிண்ணம் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல்.

கொடுங்கள், என்றேன். நாளைக்கும் கொடுங்கள்.

நாளைக்குச் சேவல் இல்லை.
அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

யோசெலின் ஒரு வாய் வாங்கி, துப்பி,
துப்பியதை விரலால் தொட்டுப் பார்த்து
மறுபடி வாயில் வைத்தாள்.
நான் ஊசியை எடுத்தேன்.
இந்த முறை என் கண்ணாடியைப் பிடித்து இழுத்து
ஓவென்று அழுதாள்.

எழுதிக்கொண்டேன்.
அதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதினேன்.